ஒரு போன் காலில் மூடப்பட்ட ஆணையம்... ஒரே வாரத்தில் மீட்டெடுத்த மக்கள்!

2013 செப்டம்பர் 19. ஆஸ்திரேலியாவில் டோனி அபாட் பிரதமராகப் பதவியேற்று ஒரு நாள்தான் ஆகியிருந்தது. விஞ்ஞானி டிம் ஃபிளானரிக்கு சுற்றுச்சூழல் அமைச்சர் கிரெக் ஹன்டிடமிருந்து போன் வந்தது. ஃபிளானரி தலைமையிலான பருவநிலை ஆணையம் கலைக்கப்படுகிறது என்பதுதான் தகவல். புதிய அரசு முதலில் கைவைத்த இடங்களில் அதுவும் ஒன்று!

அப்படி என்ன செய்தது அந்த ஆணையம்?

2011-ல் ஜூலியா கில்லார்ட் அரசு அதை அமைத்தது. வெப்பமாகும் பூமியைப் பற்றி அறிவியல் சொல்வதைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வதுதான் அதன் வேலை. 2012-13 கோடைக்காலத்தில் ஆஸ்திரேலியா கொதித்தது. 90 நாள்களில் 123 வானிலை சாதனைகள் முறியடிக்கப்பட்டதாக ஆணையம் அறிக்கை வெளியிட்டது. அதற்கு வைத்த பெயர், ‘கோபக்காரக் கோடை’.

நிலக்கரி ஏற்றுமதியில் கொழிக்கும் நாட்டில் இந்தப் பேச்சு எல்லோருக்கும் பிடிக்குமா? கார்பன் வரியை ஒழிப்பேன் என்று சொல்லித்தான் அபாட் தேர்தலில் ஜெயித்தார். ஆணையத்தை மூடுவதற்கு அவரது அரசு சொன்ன காரணம், சிக்கனம்.

கதை அங்கே முடியவில்லை. சில நாள்களிலேயே அதே விஞ்ஞானிகள் ‘பருவநிலை கவுன்சில்’ என்ற பெயரில் திரும்பி வந்தார்கள். இந்த முறை அரசுப் பணம் கிடையாது. இணையத்தில் மக்களிடமே கேட்டார்கள். ஒரே வாரத்தில் சுமார் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் குவிந்தது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பத்தினர்.

சட்டம் காத்த இன்னொரு அமைப்பு

இதே காலத்தில் இன்னோர் அமைப்பும் கத்திமுனையில் நின்றது. அது ‘பருவநிலை மாற்ற அதிகார சபை’. நாடு எவ்வளவு கரியமில வாயுவைக் குறைக்க வேண்டும் என்று அரசுக்கே ஆலோசனை சொல்லும் தனி அமைப்பு. 2012-ல் செயல்படத் தொடங்கிய அதன் முதல் தலைவர், ரிசர்வ் வங்கியின் முன்னாள் கவர்னர் பெர்னி ஃபிரேசர்.

இதையும் மூட அபாட் அரசு முயன்றது. ஆனால், போனில் மூட முடியவில்லை. காரணம், இது நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது. கலைக்க வேண்டுமென்றால் செனட் சபையின் சம்மதம் வேண்டும். 2014 ஜூனில் சுரங்க அதிபரும் எம்.பி-யுமான கிளைவ் பால்மர், அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் கட்சி இந்த அமைப்பைக் காப்பாற்றும் என்று அறிவித்தார். கார்பன் வரி போனது. அதிகார சபை பிழைத்தது.

உயிர் இருந்ததே தவிர, பேச்சு எடுபடவில்லை. 2020-க்குள் 19 சதவிகிதம் குறைக்க வேண்டும் என்று சபை 2014-ல் சொன்னது. அரசோ 5 சதவிகிதத்திலேயே நின்றது. 2015-ல் ஃபிரேசர் பதவி விலகினார்.

காற்று திரும்ப 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த புதிய சட்டத்தின்படி, இலக்கு நிர்ணயிக்கும் முன் அரசு இந்தச் சபையிடம் ஆலோசனை கேட்டே ஆக வேண்டும். ஏற்காவிட்டால், ஏன் என்று நாடாளுமன்றத்தில் காரணம் சொல்ல வேண்டும். 2035-க்குள் 2005-ம் ஆண்டு அளவிலிருந்து 62 முதல் 70 சதவிகிதம் வரை குறைக்கலாம் என்ற சபையின் பரிந்துரையை 2025 செப்டம்பரில் அரசு ஏற்றுக்கொண்டது.

ஒன்றை மக்கள் காப்பாற்றினார்கள். இன்னொன்றைச் சட்டம் காப்பாற்றியது. கசப்பான உண்மையைச் சொல்பவரை வேலைக்கு வைப்பது சுலபம். அவரை நினைத்தபோது வீட்டுக்கு அனுப்ப முடியாதபடி செய்வதுதான் கஷ்டம்!