முதலில் எழும் இயங்குதளம்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை அமைத்தல் இன்று அரிய செயலன்று. தமிழ்நாட்டு அரசு 2011-ஆம் ஆண்டில் மாணாக்கர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில், விண்டோசும் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் ஒருங்கே இருந்தன.

இவ்விரண்டனுள் முதலில் எழுவது எது? அதனை அறுதியிடுவது தொடக்க ஏற்றி என்னும் சிறு நிரல். லினக்சில் பெரிதும் வழங்குவது கிரப் என்பதாகும். நம் பேராக்கில், தாப்பா ரோடு நிலையத்திலிருந்து முன்னாளில் தெலுக் இந்தானுக்குத் தனிப்பாதை பிரிந்தது. தண்டவாளம் எப்பக்கம் திருப்பப்பட்டிருந்ததோ அப்பக்கமே வண்டி செல்லும். கிரப்பும் அத்தகையதே. பட்டியலைக் காட்டிச் சில நொடி காத்திருக்கும். எவரும் விசையை அழுத்தாவிடில், முன்னரே குறித்துவைத்த தளத்தை எழுப்பும்.

அக்குறிப்பை மாற்ற, கிரப்பின் அமைப்புக் கோப்பில் 'கிரப்_டிபால்ட்' என்னும் வரியைத் திருத்துக. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால், பட்டியலின் மூன்றாம் வரிக்குரிய எண் 2 என்க. பின்னர், டெபியன் வழிவந்த தளங்களில் 'அப்டேட்-கிரப்' என்னும் கட்டளையை இடல் வேண்டும். இன்றேல் திருத்தம் பயன் தராது. பட்டியலின் வரிசை மாறின் எண்ணும் பொருந்தாது போகும். ஆதலின், எண்ணுக்கு மாறாகத் தளத்தின் பெயரைப் பட்டியலில் உள்ளவாறே மேற்கோட்குறிக்குள் எழுதுதல் நன்று.

இதில் ஆசிரியர் கருத வேண்டுவது ஒன்றுண்டு. மாணாக்கர் பெரும்பாலோர், தானே எழுந்து நிற்பதையே கணினி என்று கொள்வர். தமிழில் பட்டிகளைக் காட்டும் தளம் எழாமல் உறங்குமாயின், அஃது இல்லாமைக்கு ஒப்பாகும். ஆகவே, எது முதலில் எழுதல் வேண்டும் என்பதைப் பள்ளியே ஆய்ந்து முடிவு செய்க.