எமிலி கேட்ட கேள்வி

நான்காம் வகுப்புச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் செய்த சோதனை, டாக்டர்கள் படிக்கும் ஆய்விதழில் வந்திருக்கிறது, தெரியுமா? அவள் பெயர் எமிலி ரோசா. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லவ்லேண்ட் என்ற ஊர்க்காரி. 1996-இல் சோதனையைத் தொடங்கியபோது அவளுக்கு 9 வயது.

அப்போது அங்கே 'தெரப்யூட்டிக் டச்' என்றொரு சிகிச்சை இருந்தது. நோயாளியைத் தொடாமல், உடம்புக்குச் சற்று மேலே கைகளை அசைப்பார்கள். "உடம்பைச் சுற்றி ஒரு சக்தி இருக்கிறது, எங்கள் கை அதை உணரும்" என்பார்கள். நர்சுகள் பலர் இதைக் கற்றிருந்தார்கள்.

இதனால் நோய் குணமாகிறதா என்று சோதிப்பது பெரிய வேலை. நோய் தானாகவும் குறையலாம் அல்லவா? எமிலி அதற்கும் முந்தைய கேள்வியைப் பிடித்தாள்: என் கை பக்கத்தில் இருப்பதாவது, பார்க்காமல் அவர்களுக்குத் தெரியுமா? எவ்வளவு கெட்டிக்காரத்தனமான கேள்வி!

மேசைமேல் ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தினாள். அதன் அடியில் இரண்டு ஓட்டைகள். சிகிச்சை செய்பவர் அவற்றின் வழியே கைகளை நீட்டி, உள்ளங்கை மேலே தெரியும்படி வைப்பார். இடுக்கு வழியே எட்டிப் பார்க்காதபடி மேலே ஒரு துண்டு. எமிலி நாணயத்தைச் சுண்டுவாள். அது சொல்லும் பக்கம், அவர் கைக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் மேலே தன் கையைப் பிடிப்பாள். "எந்தக் கை? இடதா, வலதா?"

நாணயம் எதற்கு? எமிலியே பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், அவளுக்கே தெரியாமல் ஓர் ஒழுங்கு வந்துவிடலாம். அதை எதிரே இருப்பவர் ஊகித்துவிடலாம். நாணயத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

21 பேர் கலந்துகொண்டார்கள். மொத்தம் 280 முறை சோதனை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொன்னாலே ஏறக்குறைய 140 சரியாக வரும். அவர்கள் சரியாகச் சொன்னது 123 தான். கைக்கு எதுவும் தெரியவில்லை!

1998 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ் இதை வெளியிட்டது. அப்போது எமிலிக்கு 11 வயது.

நீங்களும் ஓர் அட்டையும் நாணயமும் எடுத்து நண்பரோடு செய்து பாருங்கள். பத்து முறையோடு நிறுத்திவிடாதீர்கள். பத்துக்கு எட்டு அதிர்ஷ்டத்தாலும் வரும். நூறு முறை செய்து, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். தப்பாக வந்ததையும் விடாமல் எழுதுங்கள்.