மரியான் காபோரிக்: காயங்களும் ரசிகர் விவாதமும்

மரியான் காபோரிக் (பிறப்பு: 14 பிப்ரவரி 1982) சுலோவாக்கியாவின் டிரென்சின் நகரில் பிறந்த ஐஸ் ஹாக்கி வீரர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 2000 முதல் 2018 வரை ஐந்து அணிகளுக்கு ஆடினார். 1,035 ஆட்டங்களில் 407 கோல்கள் அடித்தார். அவருடைய வேகத்தைப் போலவே அவருடைய காயங்களும் பெரிதும் பேசப்பட்டன. அடிக்கடி காயமடையும் ஒரு கோல் வீரரை நம்பி அணியை அமைக்கலாமா, அவருக்கு எவ்வளவு ஊதியம் தரலாம், அவரை எப்படி ஆடவைப்பது என்ற கேள்விகள் அவர் ஆடிய ஊர்களில் ரசிகர்களை இரு பிரிவாகப் பிரித்தன. அந்த விவாதம் எப்படி எழுந்தது, அதில் ஒவ்வொரு தரப்பும் எதைக் கண்டது, எதைக் காணத் தவறியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஐஸ் ஹாக்கி: சில அடிப்படைகள்

இந்தியாவில் ஹாக்கி என்றால் மைதானத்தில் பக்கத்துக்கு 11 பேர் பந்தைக் கொண்டு ஆடும் ஆட்டமே நினைவுக்கு வரும். ஐஸ் ஹாக்கி உறைபனித் தளத்தில், சறுக்குக் காலணி அணிந்து ஆடப்படுவது. பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் தட்டையான ரப்பர் வட்டு பயன்படுகிறது. கோல் காப்பாளரையும் சேர்த்து ஒரு அணியில் ஒரே நேரத்தில் 6 பேர் களத்தில் இருப்பர். ஆட்டம் தலா 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும்.

தேசிய ஹாக்கி லீக்கில் காபோரிக் ஆடிய காலத்தில் வழக்கமான ஒரு பருவத்தில் ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டங்கள். அதன் முடிவில் முன்னிலை பெற்ற 16 அணிகள் வெளியேற்றுச் சுற்றுக்குச் செல்லும். அதில் இறுதிவரை வெல்லும் அணிக்கு ஸ்டான்லி கோப்பை கிடைக்கும். கோல் அடித்தவருக்கும், அதற்கு உதவியவருக்கும் தலா ஒரு புள்ளி கணக்கிடப்படும்.

மினசோட்டாவின் முதல் நட்சத்திரம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் ஐஸ் ஹாக்கியில் ஊறிய மாநிலம். அங்கிருந்த நார்த் ஸ்டார்ஸ் அணி 1993-இல் டல்லாஸ் நகருக்கு மாற்றப்பட்டபோது ரசிகர்கள் அணியில்லாமல் நின்றனர். ஏழு ஆண்டுகள் கழித்து, 2000-இல், செயிண்ட் பால் நகரில் மினசோட்டா வைல்டு என்ற புதிய அணி உருவானது. அந்த ஆண்டு நடந்த இளம் வீரர் தேர்வில் அந்த அணி முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த வீரர் காபோரிக். ஒட்டுமொத்தத் தேர்வில் அவர் மூன்றாமவர். 2000 அக்டோபரில் வைல்டு அணி ஆடிய முதல் லீக் ஆட்டத்தில் அணியின் முதல் கோலையும் 18 வயதான அவரே அடித்தார்.

2002–03 பருவத்தில் அவர் 30 கோல்கள் அடித்தார். அணி முதன்முறையாக வெளியேற்றுச் சுற்றுக்குச் சென்று அரையிறுதிக்கு இணையான கட்டத்தை எட்டியது. அச்சுற்றின் 18 ஆட்டங்களில் காபோரிக் எடுத்தவை 17 புள்ளிகள். அணியை இழந்து காத்திருந்த ஊருக்கு இது பெரிய நிகழ்ச்சி. அவர்மேல் ரசிகர்கள் வைத்த எதிர்பார்ப்பும், பின்னாளில் அவர்கள் கொண்ட ஏமாற்றமும் இங்கிருந்தே தொடங்குகின்றன.

அணியின் பயிற்சியாளர் ஜாக் லெமேர் தற்காப்பு ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவர். 1995-இல் நியூஜெர்சி டெவில்ஸ் அணியை ஸ்டான்லி கோப்பைக்கு இட்டுச் சென்றவர். எதிரணி தளத்தின் நடுப்பகுதியைக் கடக்க முடியாதபடி வீரர்களை வரிசையாக நிறுத்தி, அவர்கள் தவறவிடும் பக்கைக் கைப்பற்றுவது அவர் முறை. இந்த முறையில் கோல் வாய்ப்புகள் குறைவாகவே கிடைக்கும். கிடைத்த வாய்ப்பை மின்னல் வேகத்தில் கோலாக்க ஒருவர் தேவை. வைல்டு அணியில் அந்த ஒருவர் காபோரிக்.

காயங்களின் தொடக்கம்

காபோரிக் பிறவியிலேயே நொய்ந்த உடல்கொண்டவர் என்ற எண்ணம் பின்னாளில் பரவியது. முதல் மூன்று பருவங்களில் அவர் ஆடியவை முறையே 71, 78, 81 ஆட்டங்கள். இந்த எண்கள் அந்த எண்ணத்துக்கு இடம் தரவில்லை. 2003–04-இல் அவர் 65 ஆட்டங்களே ஆடியதற்கு, தொடக்க வாரங்களில் நீடித்த ஊதியப் பேச்சுவார்த்தையும் ஒரு காரணம்.

உண்மையான தொல்லை 2005–06-க்குப் பின் வந்தது. தொடை இடுக்குத் தசைக் காயம் மீண்டும் மீண்டும் அவரைத் தாக்கியது. சறுக்கும்போது வீரர் காலைப் பக்கவாட்டில் வெளிநோக்கித் தள்ளுகிறார். அப்படி விலகும் காலைத் தடுத்து மீண்டும் உள்ளே இழுப்பவை தொடையின் உட்புறத் தசைகள். வேகம் கூடக்கூட அவற்றின்மேல் விழும் இழுவிசையும் கூடும். அதனால் ஐஸ் ஹாக்கியில் இக்காயம் மிகப் பொதுவானது. ஒருமுறை காயமடைந்த தசை முழுமையாக வலுப்பெறுமுன் ஆடினால் மறுபடியும் காயமடையும் வாய்ப்பு அதிகம். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் வலி தொடை இடுக்கில்தான் தெரியலாம். காபோரிக்கின் பெரும் பலமான வேகமே அவருடைய தசைகளுக்குப் பெரும் சுமையாகவும் இருந்தது.

அவருடைய நான்கு பருவங்களின் கணக்கு வருமாறு:

2005–06: 65 ஆட்டங்கள், 38 கோல்கள்
2006–07: 48 ஆட்டங்கள், 30 கோல்கள்
2007–08: 77 ஆட்டங்கள், 42 கோல்கள்
2008–09: 17 ஆட்டங்கள், 13 கோல்கள்

2007 டிசம்பர் 20 அன்று நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல்கள் அடித்தார். 1996 டிசம்பரில் செர்கெய் ஃபெடரோவ் அடித்ததற்குப் பின் லீக்கில் யாரும் அப்படி அடித்திருக்கவில்லை. அதே பருவத்தின் வெளியேற்றுச் சுற்றில், கொலராடோவுக்கு எதிரான 6 ஆட்டங்களில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை, அணி வெளியேறியது. இரு தரப்பாருக்கும் சான்று தந்த பருவம் அது.

விவாதத்தின் இரு தரப்புகள்

ஒரு தரப்பு, "அவர் இல்லாவிட்டால் கோல் அடிக்க யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டது. தற்காப்பை நம்பும் அணியில் ஆட்டத்தைத் தனியாகத் திருப்பக்கூடியவர் அவர் ஒருவரே. பாதிப் பருவம் ஆடினாலும் அவரால் கிடைப்பது வேறு யாரிடமும் கிடைக்காது என்பது அவர்கள் வாதம்.

மறு தரப்பு, "களத்தில் இல்லாதவர் கோல் அடிக்க முடியாது" என்றது. அவரை மையமாக வைத்துத் திட்டமிட்டால், அவர் படுக்கும் நாளில் திட்டமும் படுத்துவிடும். நல்ல விலை கிடைக்கும்போதே வேறு அணிக்குக் கொடுத்து இரண்டு மூன்று வீரர்களைப் பெறவேண்டும் என்பது இவர்கள் வாதம்.

இவ்விவாதத்துக்குப் பண விதி ஒன்றும் கூர்மை சேர்த்தது. 2005 முதல் லீக்கில் ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவிடும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் மற்றவர்களுக்குக் குறையும். நீண்ட காலம் காயமுற்றவருக்கு ஈடாக வரம்பைத் தாண்டிச் செலவிட விதியில் இடமுண்டு. ஆனால் இரண்டு வாரம் ஆடி ஒரு வாரம் ஓய்வெடுப்பவருக்கு அது உதவாது.

கணக்கு சொல்வது என்ன?

2006–07 பருவத்தை எடுத்துக்கொள்வோம். 48 ஆட்டங்களில் 30 கோல்கள் என்றால், அதே வேகத்தில் 82 ஆட்டங்களுக்கு 51 கோல்கள். ஆனால் அவர் 34 ஆட்டங்கள் ஆடவில்லை. அந்த 34 ஆட்டங்களில் அவர் இடம் காலியாக இருந்திருக்காது, வேறொருவர் ஆடியிருப்பார். அந்த மாற்று வீரர் ஒரு முழுப் பருவத்தில் 10 கோல்கள் அடிக்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். 34 ஆட்டங்களுக்கு அவர் பங்கு ஏறத்தாழ 4 கோல்கள். ஆகவே அந்த ஓர் இடத்திலிருந்து அணிக்குக் கிடைப்பது 34 கோல்கள். காயமே படாமல் 82 ஆட்டங்களும் ஆடி 25 கோல்கள் அடிக்கும் நல்ல வீரரைவிட இது அதிகம்.

இதே முறையில் 2008–09-ஐப் பார்த்தால், காபோரிக்கின் 13 கோல்களும், மீதி 65 ஆட்டங்களில் மாற்று வீரரின் 8 கோல்களும் சேர்ந்து 21 ஆகும். இப்போது 25 கோல் வீரரே மேல். ஓர் ஆட்டத்துக்கு 0.6 கோல் அடிப்பவர் ஏறத்தாழ 32 ஆட்டங்கள் ஆடினாலே 25 கோல் வீரருக்குச் சமமாகிவிடுவார் என்பது இக்கணக்கின் முடிவு. எனவே "பாதி ஆட்டங்கள் ஆடாதவரால் பயனில்லை" என்ற வாதம் கோல் கணக்கில் நிற்பதில்லை. ஆயினும் இக்கணக்கில் ஊதியம் சேரவில்லை. காயம் எந்த மாதத்தில் வரும் என்பதும் சேரவில்லை. மறு தரப்பின் வலுவான வாதங்கள் இவ்விரண்டுமே.

கைநழுவிய பருவம்

2008–09 காபோரிக்கின் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு. புதிய ஒப்பந்தம் குறித்து உடன்பாடு ஏற்படவில்லை. பருவம் தொடங்கியதுமே காயம் வந்தது. 2009 ஜனவரியில் இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தது. காயமுற்றிருந்ததால் நல்ல விலைக்கு மாற்றிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. மார்ச்சில் திரும்பி வந்து, ஆடிய 17 ஆட்டங்களில் 23 புள்ளிகள் எடுத்தார்.

அந்தப் பருவத்தில் வைல்டு அணி 89 புள்ளிகள் பெற்றது. வெளியேற்றுச் சுற்றுக்குரிய கடைசி இடத்தைப் பிடித்த அனாஹைம் அணிக்கு 91 புள்ளிகள். லீக்கில் ஒரு வெற்றிக்கு 2 புள்ளிகள். ஆக, ஒரே ஒரு வெற்றி தூரத்தில் வாய்ப்பு போயிற்று. பயிற்சியாளர் லெமேர் பதவி விலகினார். 2009 ஜூலை 1 அன்று காபோரிக் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியில் சேர்ந்தார். எட்டுப் பருவங்களில் 219 கோல்கள் அடித்தவருக்கு ஈடாக மினசோட்டாவுக்கு ஒரு வீரர்கூடக் கிடைக்கவில்லை. வைத்துக்கொள்வது, மாற்றிக்கொள்வது என்ற இரு வழிகளில் எதையும் காலத்தில் முடிக்காததால் நேர்ந்த இழப்பு இது.

நியூயார்க்கில் கிடைத்த விடை

ரேஞ்சர்ஸ் அவருக்கு 5 ஆண்டுகளுக்கு 37.5 மில்லியன் டாலர் தந்தது. ஆண்டுக்கு 7.5 மில்லியன், அப்போதைய உச்சவரம்பான 56.8 மில்லியனில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். 17 ஆட்டங்கள் ஆடியவருக்கு இவ்வளவா என்ற கேள்வி எழுந்தது இயல்பே.

2009–10-இல் அவர் 76 ஆட்டங்கள் ஆடி 42 கோல்கள், 86 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் கடைசி நாளில் பிலடெல்ஃபியாவிடம் தோற்று ரேஞ்சர்ஸ் வெளியேற்றுச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. நட்சத்திர வீரர் நலமாக இருந்தாலும் அவர் ஒருவரால் மட்டும் அணி கரையேறுவதில்லை என்பதை அந்த ஆண்டு காட்டியது. 2011–12-இல் 82 ஆட்டங்களும் ஆடி 41 கோல்கள் அடித்தார். அந்த ஆண்டின் வெளியேற்றுச் சுற்றில் வாஷிங்டனுக்கு எதிரான ஓர் ஆட்டத்தை மூன்றாம் கூடுதல் நேரத்தில் அவருடைய கோலே முடித்தது. பக்கைத் தடுக்க உடலையே குறுக்கே போடும் கடும் ஆட்டத்தைப் பயிற்சியாளர் ஜான் டார்ட்டரெல்லா விரும்பினார். அதே சுற்றில் ஒரு தவறுக்காகக் காபோரிக்கை வெளியே அமரவைத்தார். அவர் மனம்வைத்து ஆடவில்லை என்ற பேச்சும் எழுந்தது. தோள்மூட்டில் கிழிசலுடன்தான் அவர் அந்த ஆட்டங்களை ஆடினார் என்பது பின்னர் தெரியவந்தது. 2012 ஜூனில் அதற்கு அறுவைச் சிகிச்சை நடந்தது.

லாஸ் ஏஞ்சலஸ், 2014

2013 ஏப்ரலில் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அடுத்த பருவத்தில் முழங்கால் காயம்; திரும்பி வந்ததும் காறை எலும்பு முறிவு. அங்கு அவர் அந்தப் பருவத்தில் ஆடியவை 22 ஆட்டங்கள். 2014 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி ஒரு வீரரையும் இரண்டு எதிர்காலத் தேர்வு உரிமைகளையும் கொடுத்து அவரைப் பெற்றது.

கிங்ஸ் அணி அந்தப் பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைவான கோல்களை விட்டுக்கொடுத்தது. அடித்த கோல்களிலோ கடைசி வரிசையில் இருந்தது. அணியைத் தாங்கும் பொறுப்பு காபோரிக்கிடம் இல்லை. ஆன்சே கோபிடார் என்ற சிறந்த நடுவரிசை வீரருக்குப் பக்கத்தில் நின்று கோல் அடிப்பதே அவர் வேலை. வெளியேற்றுச் சுற்றின் 26 ஆட்டங்களிலும் ஆடி 14 கோல்கள் அடித்தார். லீக்கில் அச்சுற்றின் அதிக கோல்கள் அவையே. அனாஹைமுக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் 7 நொடிகள் மீதமிருந்தபோது சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலையும் அடித்தார். இறுதிப் போட்டியில் அவருடைய பழைய அணியான ரேஞ்சர்ஸை 4–1 என்ற ஆட்டக் கணக்கில் வென்று கிங்ஸ் ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது.

அதன்பின் கிங்ஸ் அவருக்கு 7 ஆண்டு ஒப்பந்தம் தந்தது. முதல் பருவத்தில் 27 கோல்கள் வந்தன. பிறகு காயங்களும் வயதும் சேர்ந்து 12, 10 எனக் குறைந்தன. 2018 பிப்ரவரியில் ஒட்டாவா செனட்டர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அந்தப் பருவத்துக்குப் பின் முதுகுக் கோளாறால் ஆடவில்லை. 2021-இல் ஓய்வை அறிவித்தார்.

விவாதத்திலிருந்து அறியத்தக்கவை

காபோரிக் பற்றிய விவாதத்தில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவர் திறமையானவரா? அவரை நம்பலாமா? அவருக்கு இந்த விலையும் இந்தப் பொறுப்பும் தகுமா? முதல் கேள்வியில் யாருக்கும் ஐயமில்லை. இரண்டாவதற்கு உறுதியான விடை யாரிடமும் இல்லை. 17 ஆட்டங்கள் ஆடிய பருவத்துக்கு அடுத்து 76 ஆட்டங்கள் ஆடினார். அணியால் முடிவெடுக்கக்கூடியது மூன்றாவது கேள்வியில் மட்டுமே. அவர் இல்லாவிட்டால் கோலே இல்லை என்ற மினசோட்டாவில் ஒவ்வொரு காயமும் பேரிடியானது. அவர் இல்லாமலும் நிற்கக்கூடிய லாஸ் ஏஞ்சலஸில் அதே வீரர் கோப்பைக்குத் துணையானார். அதே அணி நீண்ட ஒப்பந்தம் தந்தபோது அது மீண்டும் சுமையானது.

காயத்தை மனவுறுதிக் குறையாகப் படிக்கும் பழக்கமும் இதில் தெரிகிறது. அவருடைய இடுப்பு மூட்டுக்கும் தோளுக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. இருக்கையில் அமர்ந்து பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. ஒரு வீரர் எத்தனை ஆட்டங்கள் ஆடினார் என்பது பதிவேட்டில் இருக்கும். எந்த வலியோடு ஆடினார் என்பது அதில் இராது.