கம்பியில் கழியும் மின்சாரம்

ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் பஞ்சாயத்துக் குடிநீர் மோட்டார் திணறினால், மோட்டாரையே குறை கூறுகிறோம். குற்றம் மெல்லிய கம்பியிலோ தளர்ந்த இணைப்பிலோ இருக்கலாம்.

மோட்டார் ஓடும்பொழுது மின்பணியாளரைக் கொண்டு அளந்து பாருங்கள். மீட்டர்ப் பலகையில் 230 வோல்ட், மோட்டாரருகில் 206 வோல்ட், மின்னோட்டம் 10 ஆம்பியர் எனக் கொள்வோம். வழியில் குறைந்தது 24 வோல்ட். இதனை 10 ஆல் வகுத்தால், கம்பியின் தடை ஏறத்தாழ 2.4 ஓம், பெருக்கினால், வீணாகும் திறன் ஏறத்தாழ 240 வாட். நாளொன்றுக்கு 5 மணி நேரம் ஓடினால், மாதம் 36 யூனிட் கம்பியைச் சூடாக்குவதிலேயே கழியும். அதற்கும் பஞ்சாயத்தே பணம் கட்டுகிறது.

கம்பியின் குறுக்குப் பரப்பு இரு மடங்கானால் தடை பாதியாகும். ஆகவே, புது மோட்டாருக்குத் தீர்மானம் நிறைவேற்றுமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது உறுப்பினர்களின் கடமையாகும்.