பழைய காரில் ‘மிஸ்ஸிங்’, சைலன்சரில் ‘டப்’ சத்தம்: பிளக்கை மாற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

காலை ஷிஃப்ட் நேரத்தில் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பளபளக்கும் புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் ஒரு பக்கம் போகும். அந்தக் கார்களைச் செய்கிறவர்களில் சிலர், அப்பா ஓட்டிய பழைய காரிலோ செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரிலோ எதிர்ப்பக்கம் வேலைக்கு வந்துகொண்டிருப்பார்கள்.

அதில் ஒரு கார் சிக்னலில் நிற்கும்போது உதறுகிறது. கிளம்பினால் பிக்கப் இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சரில் ‘டப்’ என்று ஒரு வெடி. “பிளக் போயிருக்கும் சார், மாத்திடலாம்” என்பார் மெக்கானிக். பிளக் மாற்றியும் சரியாகாது. அடுத்து ஒயர், காயில், சென்சார் என்று பில் ஏறிக்கொண்டே போகும். மிஸ்ஸிங் மட்டும் அப்படியே இருக்கும்.

இந்தச் சிக்கலைச் செலவில்லாமல் பாதி தூரம் கண்டுபிடித்துவிட முடியும். வரிசையாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து 1998 செப்டம்பரில் அறிமுகமான சான்ட்ரோவை எடுத்துக்கொள்வோம். 2014 இறுதி வரை தயாரான அந்தப் பழைய மாடல் இன்றும் சாலைகளில் நிறைய ஓடுகிறது. அதில் இருப்பது 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின்.

இத்தகைய இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறை எரியும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் ஒரு சிலிண்டர் நொடிக்கு 25 முறை, நான்கும் சேர்ந்து 100 முறை எரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்கள் சரியாக அமைய வேண்டும்: நேரத்துக்கு வரும் தீப்பொறி, அளவான பெட்ரோல் - காற்றுக் கலவை, போதிய கம்ப்ரஷன். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டர் எரியாது. அதுதான் மிஸ்ஸிங்.

வெடிச் சத்தம் எங்கிருந்து வருகிறது?

எரியாத பெட்ரோல் ஆவி சைலன்சர் குழாய்க்குள் போய், அங்குள்ள சூட்டில் பற்றிக்கொண்டால் பின்னால் வெடிக்கும். சைலன்சர் ஜாயின்டில் ஓட்டை இருந்து வெளிக்காற்று உள்ளே போனாலும், ஆக்ஸிலேட்டரை விடும்போது இப்படி வெடிக்கலாம்.

சத்தம் பானெட் பக்கம், ஏர் ஃபில்டரிலிருந்து வந்தால் கதை வேறு. பெட்ரோல் குறைந்த கலவை, சரியாக மூடாத இன்டேக் வால்வு, டைமிங் பெல்ட் ஒரு பல் நழுவியது, பிளக் ஒயர்களை இடம் மாற்றிச் செருகியது ஆகியவற்றில் ஒன்றாக இருக்கலாம். எனவே முதல் கேள்வி: சத்தம் முன்னாலா, பின்னாலா?

அடுத்த கேள்வி, எப்போது வருகிறது என்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் மிஸ்ஸிங் அடித்தால் விரிசல் விட்ட பிளக் ஒயரையோ காயிலையோ சந்தேகப்படலாம். மேம்பாலம் ஏறும்போது மட்டும் என்றால் வலுவிழந்த தீப்பொறியோ, அடைத்த ஃபியூல் ஃபில்டரோ காரணமாகலாம். ஐடிலில் உதறி வேகத்தில் சரியாகிவிட்டால் எங்கோ வேக்குவம் ஹோஸ் கிழிந்திருக்கலாம்.

எந்தச் சிலிண்டர் என்று பார்ப்பது எப்படி?

இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். நன்றாக எரியும் சிலிண்டர் என்றால் கழற்றியதும் இன்ஜின் இன்னும் தடுமாறும். எந்தச் சிலிண்டரில் எந்த மாற்றமும் தெரியவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஓடும் இன்ஜினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம். ஷாக் அடிக்கும், காயிலும் கெடலாம்.

பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரில் போடுங்கள். மிஸ்ஸிங் பிளக்கோடு சேர்ந்து இடம் மாறினால் கோளாறு பிளக்கில். மாறவில்லையா? புதுப் பிளக் செட் வாங்கும் செலவு மிச்சம். தனித்தனிக் காயில் உள்ள கார்களில் காயிலையும் இதே மாதிரி மாற்றிப் பார்க்கலாம்.

கழற்றிய பிளக்கின் முனையையும் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நல்ல நிலை. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது அதிகச் சூடு. பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி வரவில்லை. ஆயில் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம்.

எல்லாம் சரி, இன்னும் மிஸ்ஸிங் என்றால்?

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டர்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால், அதில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பல்லாயிரம் ரூபாய் செலவாகும் வேலைக்குச் சம்மதிக்கும் முன், இந்த அளவுகளைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

ஸ்கேனர் போட்டால் தெரியாதா?

காரின் வயதைப் பொறுத்தது. இந்தியாவில் ஓபிடி எனும் சுயபரிசோதனை வசதி பிஎஸ்-4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் கட்டாயமானது. அடுத்த கட்டம் 2013 ஏப்ரலில் வந்தது. அதற்கு முந்தைய கார்களில் ஸ்கேனரால் அதிகம் சொல்ல முடியாது. புதிய கார்களில் ‘பி0301’ என்று கோடு வந்தால் முதல் சிலிண்டர் எரியவில்லை என்று பொருள். ‘பி0300’ என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. கோடு எந்தச் சிலிண்டர் என்று காட்டும், எந்தப் பாகம் என்று காட்டாது. அதற்கு மேலே சொன்ன சோதனைகள்தான் வழி.

எத்தனால் பெட்ரோல் காரணமா?

எல்லா மிஸ்ஸிங்குக்கும் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆக்ஸிஜன் சென்சார் உள்ள கார்கள் கலவையை ஓரளவு தாமாகவே சரிசெய்துகொள்ளும். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய காரில் தண்ணீர் தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கலாம். பழைய ரப்பர் ஹோஸ்களையும் அது பாதிக்கலாம். கார்புரேட்டர் வண்டிகளுக்குத் தாமாகச் சரிசெய்யும் வசதி இல்லை என்பதால் ட்யூனிங் பார்க்க வேண்டும்.

அப்படியே ஓட்டினால் என்ன ஆகும்?

இதுதான் பலரும் செய்யும் தவறு. “மூணு சிலிண்டர்ல ஓடுதுல்ல, சம்பளம் வந்ததும் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போடுகிறார்கள்.

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 முதல் புதிய பெட்ரோல் கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம். சைலன்சர் வரிசையில் இருக்கும் அதற்குள் தேன்கூடு போன்ற பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகப் பூச்சு. எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் பீங்கான் உருகி, வழியை அடைத்துவிடும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய வேலை பல்லாயிரத்தில் போய் நிற்கும்.

செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டுங்கள். காய்ந்த புல் மேல் மட்டும் நிறுத்தாதீர்கள். சூடான கன்வெர்ட்டர் புல்லைப் பற்றவைத்துவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை விட்டு இறங்கி நில்லுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது நான்கு தகவல்களைக் குறித்துக்கொண்டு போங்கள்: சத்தம் முன்னாலா பின்னாலா, குளிர்ந்த நிலையிலா சூடான பிறகா, ஐடிலிலா ஏற்றத்திலா, கடைசியாகப் பிளக்கும் டைமிங் பெல்ட்டும் எப்போது மாற்றியது. கழற்றிய பழைய பாகங்களையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.