படம் மாட்டத் தானே நிற்கும் தட்டி

பிள்ளைகள் கீறிய சித்திரம், திருவிழாவில் எடுத்த பழைய நிழற்படம், பெரியவர்கள் கூடியிருந்து வரைந்த ஊர்ப்படம். இவற்றை எல்லோரும் பார்க்க வைக்க வேண்டுமானால் சுவர் வேண்டும். கிடுகிலும் தறப்பாளிலும் ஆணி நிற்காது. இரவலாகக் கிடைத்த பாடசாலை மண்டபத்தில் ஆணி அடித்தால் பூச்சு உதிரும். அடுத்த முறை திறப்புக் கேட்க முகமிராது. எனவே தானே நிற்கும் தட்டி ஒன்றை நாமே செய்துகொள்வது நல்லது.

மூன்றில் முக்கியமானது ஊர்ப்படம் என்பது எமது எண்ணம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990ஆம் ஆண்டு வெளியேறியபோது நாற்பது வயதில் தோட்டம் செய்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். எந்த ஒழுங்கை எங்கே திரும்பியது, பங்குக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, எல்லையில் பூவரசங் கதியாலா கிளுவையா என்பதெல்லாம் அவர் நினைவில்தான் உள்ளன. பின்னர் கட்டங்கட்டமாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, வேலியும் கதியாலும் அழிந்துபோய் எல்லை தெரியாமல் நின்றவர்கள் பலர். சுருட்டி வைத்த படத்தை ஒருவரும் திருத்த மாட்டார்கள். கண்ணுக்கு நேரே தொங்கினால், "இல்லைத் தம்பி, கிணறு ஒழுங்கைக்கு இந்தப் பக்கம்" என்று ஒரு பெரியம்மா சொல்லுவா.

தட்டிக்கு ஆறு அடி உயரம், நான்கு அடி அகலம் போதும். இரண்டு அங்குலச் சட்டமரத்தில் இரு நிலைக்கால்கள். மேலே ஒரு குறுக்குச் சட்டம். நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் இன்னொன்று. கழற்றிய கூரையின் பனஞ்சலாகையும் உதவும். இதற்கென்று நிற்கும் பனையைத் தறிக்க வேண்டாம். குறுக்குச் சட்டங்களுக்கு இடையில் பழைய சணற்சாக்கைப் பிரித்து, இழுத்துத் தைக்கவும் அல்லது சிற்றாணி அடிக்கவும். முதலில் சாக்கை நனைத்து இழுத்துக் கட்டினால் காய்ந்தபின் தொய்வு குறைவு. பொலித்தீன் உரப்பை வேண்டாம். ஊசி குத்திய இடத்தில் கிழிந்துகொண்டு போகும், காற்றையும் விடாது.

கீழே இரண்டடியைத் திறந்தே விடுவதற்குக் காரணம் காற்று. பாதிச்சுவர் மண்டபத்தில் சோழகம் புகுந்தால், முழுதும் மூடிய தட்டி பாய்மரம்போல் ஆகிவிடும். ஒவ்வொரு நிலைக்காலின் அடியிலும் மூன்றடி நீளமான பாதக்கட்டையை, முன்னே ஒன்றரை அடியும் பின்னே ஒன்றரை அடியுமாக வரும்படி பொருத்துங்கள். உயரத்தில் பாதியளவு நீளமாவது பாதத்துக்கு வேண்டும். கட்டையிலிருந்து நிலைக்காலுக்கு இருபுறமும் சாய்வாக முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டு இல்லாத பாதம் நாலு நாளில் ஆடத் தொடங்கும். பாதங்களின் நான்கு முனைகளிலும் பத்துப் பத்துக் கிலோ மணல் மூட்டை வையுங்கள். பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில் இதில் சலுகை வேண்டாம். பக்கத்தில் தூண் இருந்தால் தும்புக்கயிற்றால் அதனோடும் ஒரு கட்டுப் போடலாம்.

மரம் குறைவென்றால் பாதமே இல்லாமலும் செய்யலாம். மூன்று தட்டிகளை ஓரத்தோடு ஓரமாகப் பிணைச்சலால் அல்லது எட்டுப்போல் சுற்றிய கயிற்றால் இணைத்து, திறந்த புத்தகம்போல் மடித்து மடித்து நிறுத்தினால் ஒன்றையொன்று தாங்கும். மடிப்பை விரித்து நேராக்கினால் மூன்றும் சேர்ந்தே விழும்.

காகிதப் படங்களுக்குத் தட்டியின் குறுக்கே இரண்டு கயிறு கட்டி, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் மாட்டுவது நல்லது. சட்டம் போட்ட நிழற்படம் பாரமானது. அதைச் சாக்கில் குத்தாமல், மேல் குறுக்குச் சட்டத்தில் கம்பி கொழுவித் தொங்கவிடவும். ஊர்ப்படத்தின் நடுப்பகுதி நாலரை அடி உயரத்தில் வரட்டும். கதிரையில் இருந்து பார்க்கும் முதியவருக்காகச் சற்று இறக்கினாலும் பிழையில்லை. சிறுவர் சித்திரங்களைச் சிறுவரின் கண்மட்டத்தில் மாட்டுங்கள். தட்டியின் மறுபக்கத்தில் வெற்றுத்தாளும் நூலில் கட்டிய பென்சிலும் வைத்தால், வந்தவர்கள் தாம் கண்ட பிழையை எழுதிவிட்டுப் போவார்கள். எழுத முடியாதவருக்குப் பக்கத்தில் ஓர் இளைஞர் நிற்கட்டும்.

மாட்டக் கூடாதவையும் உண்டு. ஒரே ஒரு பிரதியாக மிஞ்சிய நிழற்படத்தை மாட்ட வேண்டாம். வெயில் அதை வெளிறச் செய்யும், ஈரம் கண்ணாடியோடு ஒட்டவைக்கும். பிரதி எடுத்து அதையே மாட்டுங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம் ஆகியவற்றை மூலமாகவோ பிரதியாகவோ பொது இடத்தில் தொங்கவிட வேண்டாம். ஊர்ப்படம் சட்டப்படி உறுதி ஆகாது என்பதையும் வந்தவர்களுக்குச் சொல்லுங்கள். உறுதி தொலைந்தவர்கள் அது பதியப்பட்ட காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதி கேட்கலாம். அரச அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும். அங்கே போகும்போது பக்கத்துக் காணிக்காரரின் பெயரும் ஒழுங்கையின் பெயரும் கையில் இருந்தால் பேச இலகுவாக இருக்கும். அந்த விபரம் தரக்கூடியது ஊர்ப்படமே.

இறந்தவர், காணாமற்போனவர் படங்களை வீட்டாரைக் கேட்காமல் மாட்டக் கூடாது. அவர்கள் விரும்பினால் தனியாக ஒரு தட்டி ஒதுக்குங்கள். முன்னால் இரண்டு வாங்கு போடுங்கள். அங்கே நிற்பவரை அவசரப்படுத்த வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் பாதக்கட்டைகளைக் கழற்றி, சாக்கைத் தட்டி வெயிலில் காயவிடுங்கள். சட்டங்களின் அடியில் கழிவு எண்ணெய் பூசி, கல்லின்மேல் அடுக்கினால் கறையான் எளிதில் ஏறாது. அடுத்த கூட்டம் வரும்வரை தாய் சேய் கிளினிக்குக்கு மறைப்பாகவும் இதே தட்டியைப் பாவிக்கலாம்.