புல்டோசருக்கு முன்னால் வரும் தாள்கள்

தேக்காவில் ஒரு பழைய கட்டடம் இடிபடப் போகிறது என்று செய்தி வந்ததும் நாம் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: வருந்துவது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வோம், அங்கே யார் யார் கடை இருந்தது என்று பேசிக்கொள்வோம், தகர வேலி எழுந்த பிறகு சிங்கப்பூரில் எதுவுமே நிலைப்பதில்லை என்று அலுத்துக்கொள்வோம். 1915ல் எழுந்த கண்டாங் கெர்பாவ் சந்தை 1982ல் மறைந்தபோதும் இதே பேச்சுதான். 2003ல் தேக்கா மால் என்று திறந்து, பின்னர் ‘தி வெர்ஜ்’ ஆன கடைத்தொகுதி பதினான்கே ஆண்டுகளில் மூடப்பட்டபோதும் இதே பேச்சுதான். அந்த வருத்தத்தில் பொய்யில்லை. ஆனால் அது நேரம் கடந்து வருகிறது. இயந்திரம் வந்து நிற்கும் நாளில் எந்த இடிப்பும் முடிவாவதில்லை. அதற்குப் பல மாதம், சில வேளை பல ஆண்டு முன்பே தாளில் முடிவாகிவிடுகிறது. அரசின் நகரத் திட்டம், உரிமையாளர்களின் கூட்டு விற்பனை ஒப்பந்தம், கடைக்காரரின் வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றில் ஒன்றில் அது எழுதப்பட்டிருக்கும். எதிர்ப்புச் சொல்லவும் பேரம் பேசவும் இழப்பீடு கேட்கவும் உள்ள உரிமைகள் எல்லாம் அந்தத் தாள்கள் மேசையில் இருக்கும் குறுகிய காலத்துக்கு மட்டுமே உரியவை. இதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் பெரிய நிறுவனங்கள்; தெரியாமல் போகிறவர்கள் மளிகைக்கடைக்காரர்களும் முடிதிருத்துவோரும் பூக்கட்டுவோரும்.

முதலில் கட்டடத்தின் தகுதி என்ன என்பதைப் பார்க்க வேண்டும். தேக்கா அமைந்திருக்கும் லிட்டில் இந்தியா 1989 ஜூலையில் பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் இடம்பெற்றது. சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகியவையும் அப்போதே சேர்க்கப்பட்டன. இன்று நாடு முழுவதும் 7,000க்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. வரலாற்று வட்டாரங்களில் முகப்பு மட்டுமல்ல, முழுக் கட்டடமும் காக்கப்பட வேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. ஓட்டுக்கூரை, மரச்சட்டப் பலகணிகள், ஐந்தடிப் பாதை எதிலும் அனுமதியின்றிக் கைவைத்தால் குற்றம். ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் (1978), அப்துல் கஃபூர் பள்ளிவாசல் (1979) போன்ற தேசிய நினைவுச்சின்னங்களுக்கு இதைவிடக் கடுமையான தனிச்சட்டம் இருக்கிறது. தாம் இருக்கும் கடைவீடு இந்தப் பட்டியலில் உண்டா என்பதை எவரும் ஆணையத்தின் இணைய வரைபடத்தில் முகவரியைத் தட்டிப் பார்த்துவிடலாம். ஆயினும் இந்தக் கவசம் முழுமையானது என்று நம்பிவிடக் கூடாது. செலிகி சாலை மூலையில் 1924 முதல் நிற்கும் எலிசன் கட்டடம் 2008ல் பாதுகாக்கப்பட்டது. 2016லேயே வடக்கு-தெற்கு விரைவுச்சாலையின் சுரங்கப் பாதைக்காக அதன் ஒரு பகுதியை இடித்து மீண்டும் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மரபுடைமை ஆர்வலர்கள் உரக்கவே எதிர்த்தார்கள். அரசிதழில் ஏறிய பெயரையும் பொதுத்தேவை என்ற சொல் அசைத்துப் பார்க்கும் என்பதற்கு அது சான்று.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. இந்தச் சட்டம் சுவரைக் காக்கிறது, சுவருக்குள் நடக்கும் தொழிலைக் காப்பதில்லை. வட்டாரத்தின் மையப்பகுதியில் சில வகைத் தொழில்களுக்குத் தரைத்தளத்தில் இடமில்லை என்று ஆணையம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அது வரக்கூடாத கடையைத்தான் தடுக்கும். இருக்கும் கடையைத் தங்கவைக்காது. வணிகக் கடைவீடுகளை வெளிநாட்டவரும் வாங்கலாம், வீடுகளுக்கு விதிக்கப்படும் கூடுதல் முத்திரைத் தீர்வையும் அவற்றுக்கு இல்லை என்பதால், முதலீட்டாளர் கண் அவற்றின் மேல் விழுந்தது இயல்பே. விலை ஏறினால் வாடகை ஏறும். வாடகை ஏறினால் மாவு மில்லும் நகைப்பட்டறையும் போகும், ஓட்டுக்கூரை அப்படியே இருக்கும். சுவர் நின்று மனிதர்கள் வெளியேறுவதும் ஒருவகை இடிப்புதான் என்பேன், புள்ளிவிவரத்தில் அது ஏறுவதில்லை என்றாலும்.

கடைவீடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமையாளர். பல உரிமையாளர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் அடுக்குமாடித் தொகுதிகளின் கதை வேறு. அங்கேதான் ‘என் பிளாக்’ எனப்படும் கூட்டு விற்பனை வருகிறது. தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய பீஸ் சென்டர் 2021 டிசம்பரில் 650 மில்லியன் வெள்ளிக்கு இப்படித்தான் கைமாறியது. 2023ல் கலைஞர்கள் வந்து அங்கே கண்காட்சி வைத்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 1999க்கு முன் எல்லா உரிமையாளரும் ஒப்பினால்தான் விற்க முடியும். அந்த ஆண்டு சட்டம் மாறியது. இப்போது பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டடமானால் பங்கு மதிப்பிலும் பரப்பளவிலும் 80 விழுக்காட்டினர் ஒப்பினால் போதும். அதற்கும் இளைய கட்டடத்துக்கு 90 விழுக்காடு. ஆக, ஒருவர் மட்டும் முடியாது என்று நின்றால் விற்பனை நிற்காது. ஆனால் அவர் கையில் ஒன்றுமே இல்லை என்பதும் தவறு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு மனம் மாற ஐந்து நாள் அவகாசம் உண்டு. பணத்தை எந்தக் கணக்கில் பங்கிடுவது என்பது உரிமையாளர்களின் பொதுக்கூட்டத்தில் பேசி முடிவாக வேண்டியது. பங்கு மதிப்பா, பரப்பளவா, சந்தை மதிப்பா, மூன்றும் கலந்தா என்பதைப் பொறுத்து, சாலையைப் பார்த்த தரைத்தளக் கடைக்காரருக்கும் பத்தாம் மாடி வீட்டுக்காரருக்கும் கிடைக்கும் தொகை மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டுப் பிறகு புலம்புவோர் ஏராளம்.

கையெழுத்திடாத உரிமையாளர், விண்ணப்பம் பற்றிய அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஸ்ட்ராட்டா உரிமை வாரியத்திடம் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். வாரியம் சமரசம் பேசும். ஒத்துவராவிட்டால் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். எந்த ஆட்சேபமும் எடுபடும் என்று எண்ண வேண்டாம். வாங்கிய விலையைவிடக் குறைவாகக் கிடைக்கிறது, வங்கிக் கடனை அடைக்கக்கூடப் போதாது, விற்பனை நல்லெண்ணத்துடன் நடக்கவில்லை ஆகியவைதான் கனமான காரணங்கள். பக்கத்து வீட்டுக்காரரைவிட எனக்கு லாபம் குறைவு என்பது மட்டும் நட்டமாகாது என்று சட்டமே சொல்கிறது. அப்படியும் கதவு அடைபட்டுவிடவில்லை: 2007ல் 500 மில்லியன் வெள்ளிக்கு விலைபேசப்பட்ட ஹொரைசன் டவர்ஸ் விற்பனையை, விற்பனைக் குழு தன் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்று 2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றமே ரத்துசெய்தது. நல்ல விலைக்கு முயன்றார்களா, குழு உறுப்பினர்களுக்குத் தனி ஆதாயம் உண்டா என்ற கேள்விகள் அதன் பிறகு சம்பிரதாயக் கேள்விகளாக இல்லை.

இதுவரை சொன்னது உரிமையாளரின் கதை. தேக்காவில் வியாபாரம் செய்வோரில் பலர் வாடகைக்காரர்கள். கூட்டு விற்பனையில் அவர்களுக்கு வாக்கில்லை. அதோடு முடிவதில்லை. விற்பனைக்கு உத்தரவு கிடைத்துக் கட்டடத்தை ஒப்படைக்கும் நாள் வரும்போது, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டாண்டு பாக்கி இருந்தாலும் அவரது குத்தகை சட்டப்படி முடிந்துபோகும். தம் உரிமையாளரிடம் இழப்பீடு கேட்கும் உரிமையைச் சட்டம் பறிக்கவில்லை; ஆனால் எவ்வளவு கிடைக்கும் என்பது அவர் முன்பு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. எனவே கடை எடுக்கும்போது சதுர அடி வாடகையைப் பார்த்த பிறகு இன்னும் இரண்டு பிரிவுகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்று, விற்பனையோ மறுமேம்பாடோ வந்தால் உரிமையாளர் எத்தனை மாத அறிவிப்பில் வெளியேற்றலாம், அலங்கார வேலைக்குப் போட்ட முதலில் எவ்வளவு திரும்பும் என்று சொல்லும் பிரிவு. மற்றது, வெளியேறும்போது கடையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்ற பிரிவு. இடிக்கப்போகும் கட்டடத்தில் தடுப்புச் சுவரை உடைத்து, தரையோட்டைப் பெயர்த்து, சொந்தச் செலவில் ‘பழைய நிலை’யை உண்டாக்கித் தரச் சொல்லும் ஒப்பந்தத்தில் என்ன நியாயம்? இடிப்பதாக இருந்தால் இந்தக் கடமை இல்லை என்று ஒரு வரி சேர்க்கும்படி கேட்பதற்குக் காசு செலவில்லை. கையெழுத்துக்கு முன் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், பின்னால் கேட்டால் கிடைக்காது.

சில்லறை வணிக இடங்களின் குத்தகைக்கென்று 2024 பிப்ரவரி முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட தகுதியான குத்தகைகள் அதிலுள்ள நடத்தை நெறியைப் பின்பற்ற வேண்டும். மறுமேம்பாட்டுக்காக முன்கூட்டியே குத்தகையை முடிப்பது பற்றியும் அந்த நெறி பேசுகிறது. பிணக்கு வந்தால் சிங்கப்பூர் சமரச நிலையத்தை நாடலாம். மாதாமாதம் வாய்மொழியாக வாடகை தந்துகொண்டிருக்கும் சிறுகடைக்காரருக்கு இதனால் பயனில்லை. நம் வட்டாரத்தில் முகத்தாட்சணியத்துக்காக ஒப்பந்தம் எழுதாமல் விடும் பழக்கம் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாடியில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு: இரண்டாண்டுக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் முன்பணம் திரும்பாவிட்டால் வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம்; 20,000 வெள்ளி வரை அங்கே தீரும்.

அரசே நிலத்தை எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. 1977ல் எழுந்த ரோச்சோர் சென்டரின் நான்கு வண்ணக் கட்டடங்களும் விரைவுச்சாலைக்காகப் போகும் என்று 2011ல் அறிவிக்கப்பட்டபோது, முடியாது என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. நிலக் கையகப்படுத்தல் சட்டத்தில் வழக்காடக்கூடியது இழப்பீட்டுத் தொகையைப் பற்றித்தான். 2007 முதல் அது சந்தை விலை. அதற்கு முன் இருந்தவர்களுக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

இடிப்பதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் எளிதில் தள்ளிவிடக்கூடியவை அல்ல. நாடு சிறியது, ஒரே நிலத்தை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியாக வேண்டும் என்பது உண்மை. பழைய மரத்தளமும் தேய்ந்த மின்கம்பியும் நெரிசலான மாடியறையும் சேர்ந்தால் தீ விபத்துக்கு அழைப்பு என்பதும் உண்மை. இவற்றைவிடக் கூர்மையான வாதம் ஒன்று உண்டு: வாடகைக்காரரைக் காக்கப்போய்த்தானே இந்தக் கட்டடங்கள் பாழாயின? போருக்குப் பின் 1947ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை உறையவைத்தது. ஓடு மாற்றும் செலவுக்குக்கூட வாடகை எட்டாத நிலையில் உரிமையாளர்கள் கட்டடத்தைக் கைவிட்டார்கள். 2001ல்தான் அந்தச் சட்டம் முழுதும் நீங்கியது. இது வலுவான சான்று, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது காட்டுவது வாடகையை உறையவைப்பதன் தீமையை. அறிவிப்புக் காலம், இழப்பீடு, எழுத்திலான ஒப்பந்தம் ஆகியவற்றின் தீமையை அல்ல. உரிமையாளருக்கு முதல் திரும்ப வேண்டும் என்பதற்காகக் கட்டடம் விழுந்தேதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1976ல் முடிந்த பேர்ல் பேங்க் அடுக்குமாடிக் கட்டடம் 2018ல் 728 மில்லியன் வெள்ளிக்கு விற்கப்பட்டு இடிக்கப்பட்டது. ஆனால் 1973ல் முடிந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 2021ல் பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அறிவிக்கப்பட்ட பிறகு, கூடுதல் தளப்பரப்புக்கு அனுமதி என்ற ஊக்கத்தோடு, 2022ல் 700 மில்லியனுக்கு விலைபோனது. கட்டடம் நிற்கிறது, உரிமையாளருக்கும் பணம் வந்தது. அங்கிருந்த தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைகள் மட்டும் சிதறிப்போயின. நான் மேலே சொன்ன ஓட்டை அங்கேயும் திறந்தே கிடந்தது.

பொதுமக்கள் பேசக்கூடிய இடம் நகரப் பெருந்திட்டம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அது திருத்தப்படுகிறது. வரைவு பொதுப்பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில் எவரும் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம். அண்மைய வரைவு 2025 ஜூனில் வந்தது. பேசினால் என்ன ஆகிவிடும் என்பவர்கள் டகோட்டா கிரசெண்டைப் பார்க்கலாம்: 1958ல் கட்டிய அந்தக் குடியிருப்பு முழுதும் இடிபடுவதாக இருந்தது, குடியிருப்பாளர்களும் ஆர்வலர்களும் ஆய்வறிக்கையோடு போய்ப் பேசியதில் நடுவிலுள்ள ஆறு கட்டடங்கள் 2017ல் காப்பாற்றப்பட்டன. வெறும் ஏக்கத்தோடு போகாமல், மாற்றுத் திட்டத்தோடு போனதுதான் அங்கே வேலை செய்தது.

தேக்கா சந்தைக்கு மேலே, பஃபலோ ரோட்டில் நிற்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கட்டடங்களுக்கு இது இன்றே எழும் கேள்வி அல்ல. 1980களின் தொடக்கத்தில் எழுந்தவை, 99 ஆண்டுக் குத்தகை. வீவக வீட்டுக்காரர்கள் தாமாகக் கூட்டு விற்பனை செய்ய முடியாது. ஏறத்தாழ 70 ஆண்டான வட்டாரங்களில் வீட்டை முன்கூட்டியே அரசிடம் ஒப்படைப்பதா என்று வாக்கெடுக்கும் திட்டம் 2018ல் அறிவிக்கப்பட்டது. இதுவரை ‘செர்ஸ்’ எனும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் கிடைத்ததைவிட அதில் தொகை குறைவாக இருக்கும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். வாக்களிக்கப் போவது வீட்டு உரிமையாளர்கள். கீழே மீனும் காய்கறியும் வாழையிலையும் விற்பவர்களின் இடம் அந்த வாக்கெடுப்பில் எங்கே என்பதை, விதிமுறைகள் எழுதப்படும் இந்தக் காலத்திலேயே தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பில் கேட்டுவிடலாம். லிஷா போன்ற வணிகர் சங்கம் எழுத்திலேயே கேட்கலாம்.